சத்தம் கம்மி பண்ணுங்க

திண்டிவனம் ரோட்டில் மூர்த்தியின் கார் ஸ்டீரியோ கடை முன்னால் சக்கரவர்த்தி தன் ஆம்னி வேனை நிறுத்தியபோது மணி பதினொன்றேகால். மனைவி தேவிப்ரியாவை வேங்கிக்காலில் டயாலிசிஸ் சென்டரில் படுக்க வைத்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தான். இன்னும் நாலு மணி நேரம் அவள் ரத்தம் அந்த மெஷினுக்குள் போய்ப் போய் வரும். வழக்கமாக அந்த நாலு மணி நேரத்தை வண்டிக்குள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக் கழிப்பான். இன்றைக்கு ஒரு வேலை வைத்திருந்தான்.

"இன்னா சார் பண்ணணும்?" என்றான் மூர்த்தி.

"பாட்டு சத்தம் கம்மியா கேக்கணும்."

மூர்த்தி சிரித்துவிட்டான். "இத்தினி வருஷத்துல இப்படிக் கேட்டு யாரும் வந்ததில்ல சார். எல்லாருக்கும் ஜாஸ்திதான் வேணும்."

சக்கரவர்த்திக்குச் சிரிப்பு வரவில்லை. கீழ்பென்னாத்தூரில் சின்னதாக ஒரு உரக்கடை. வாரத்தில் மூன்று நாள் அதைச் சாத்திவிட்டு இந்தப் பக்கம் ஓட்டம். போக இருபது கிலோமீட்டர், வர இருபது. இதற்காகவே எட்டு மாசத்துக்கு முன் வாங்கிய பழைய வண்டி. அதிலிருந்த ஸ்டீரியோவின் சத்தத் திருகு அசையவே அசையாது. போட்டால் திருவிழா ஒலிபெருக்கி மாதிரி அலறும். அணைத்தால் தகரமும் கதவும் இன்ஜினும் சேர்ந்து கடகடவென்று உயிரை வாங்கும். டயாலிசிஸ் முடிந்து வரும் தேவிக்கு மண்டை பிளக்கிற தலைவலி. "மெதுவா ஒரு பாட்டு கேட்டுக்கிட்டே வந்தா தூங்கிடுவேங்க" என்று போன வாரம் சொன்னாள். எட்டு மாசத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"செலவு கம்மியா முடிச்சுக் குடு. பெரிசா எதுவும் வேணாம்."

"நாலு ஸ்பீக்கரும் மாத்த வேணாம் சார். முன்னாடி ரெண்டு புதுசு போதும். பின்னாடி இருக்கிறத அப்படியே கழட்டி விட்டுடறேன். ப்ளூடூத் செட்டு ஒண்ணு, சுமாரானது. மிச்சக் காசுக்குத் தரையிலயும் கதவுலயும் மேல கூரையிலயும் சத்தம் அடக்கற ஷீட் ஒட்டிடலாம். இந்த வண்டிக்கு அதான் முக்கியம். வண்டியோட எரைச்சல் அடங்கினாத்தான் பாட்டு கேக்கும்."

சரியென்று தலையாட்டிவிட்டு எதிர்க்கடையில் டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது மூர்த்தி பழைய ஸ்டீரியோவைப் பிடுங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், இது தானா இறுகல. இங்க பாருங்க. எவனோ பசை ஊத்தி ஒட்டியிருக்கான். சத்தத்த உச்சத்துல வெச்சி, கொறைக்கவே முடியாதபடிக்கு."

திருகைச் சுற்றி மஞ்சள் படிந்த பசை கண்ணாடி போல உறைந்திருந்தது. அதில் ஒரு விரல் ரேகை பதிந்திருந்தது.

"கிறுக்கனா இருப்பான்" என்றான் மூர்த்தி.

அன்று மாலை நாலு மணிக்குத் தேவியைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். புது செட்டில் சத்தத்தை ஐந்தில் வைத்தான். வண்டி வேறு வண்டியாகியிருந்தது. கடகடப்பு இல்லை. வீணைப் பாட்டு ஒன்று, பக்கத்து அறையில் யாரோ வாசிக்கிற மாதிரி மெல்லமாகக் கேட்டது. தேவி கண்ணை மூடியபடி சிரித்தாள். அவள் சிரித்து நாளாயிற்று.

சோமாசிபாடி தாண்டியதும் பாட்டு முடிந்தது. அடுத்தது தொடங்கும் முன் ஒரு சின்ன இடைவெளி.

"எவ்ளோ தூரம்ங்க?"

"பாதி வந்துட்டோம். தூங்கு."

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் கேட்டது. நீளமான மூச்சு. உள்ளே இழுக்கும்போது எங்கோ தடுக்கி, பிறகு சிரமப்பட்டு உள்ளே போகும் மூச்சு.

"எவ்ளோ தூரம்ங்க?"

"இதோ வந்துடும் தேவி."

வீட்டு வாசலில் அவளை எழுப்பியபோது அவள் திருதிருவென்று விழித்தாள். "ஏறினதும் தூங்கினவதாங்க. வீடு வந்ததே தெரியல."

"நடுவுல ரெண்டு வாட்டி கேட்டியே?"

"நான் எங்க கேட்டேன்?"

தூக்கத்தில் உளறியிருப்பாள் என்று விட்டுவிட்டான். அதற்கு மேல் யோசிக்க உடம்பில் தெம்பில்லை.

அடுத்த முறை தேவி முன் சீட்டில் உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொள்ள வேண்டும் என்றாள். ஊசி குத்தின இடது கையை மடிமேல் குழந்தை மாதிரி வைத்திருந்தாள். பாட்டு போடவில்லை. வயல்களில் மணிலாக்கொட்டை பிடுங்கிப் போட்ட பச்சை வாடை ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. சோமாசிபாடி தாண்டியதும் அந்த வாடை நின்றது. அதன் இடத்தில் வேறொன்று வந்தது. டெட்டால். நாள்பட்ட படுக்கை. வியர்வையில் நனைந்து காய்ந்த தலையணை.

தேவி மூக்கைச் சுளித்தாள். "எங்கிருந்துங்க வருது?"

அவன் வாயைத் திறக்கும் முன்பே பின்னாலிருந்து மூச்சு கேட்டது.

இழுத்தது.

தடுக்கியது.

போயிற்று.

தேவியின் கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. சில்லிட்ட கை. அவள் உதடு மூடித்தான் இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்ளோ தூரம்ங்க?"

வண்டியை ஓரங்கட்டினான். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியிலும் பார்க்கவில்லை. பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. கடைசியில் சக்கரவர்த்திதான் திரும்பினான். பின் சீட்டில் தண்ணீர் பாட்டிலும் தேவியின் போர்வையும் மட்டும்தான் இருந்தன.

"ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறு" என்றான்.

மறுநாள் மூர்த்திக்குப் போன் போட்டான். "பின்னாடி ஸ்பீக்கர்ல ஏதாவது சத்தம் வருமா?"

"எப்படி சார் வரும்? ஒயரையே கட் பண்ணிட்டேனே."

வண்டியை விற்றவர் பலராமன். கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி நாலு கிலோமீட்டர் உள்ளே, ஒரு கிராமத்தில் தனியாக இருந்தார். சக்கரவர்த்தி போய் நின்றபோது வீட்டுக்குள் டிவி அலறிக்கொண்டிருந்தது. பார்க்க ஆளில்லை. சமையலறையில் ரேடியோவும் பாடிக்கொண்டிருந்தது.

"ஸ்டீரியோ மாத்திட்டேங்க" என்றான் சக்கரவர்த்தி.

பலராமன் உட்காரச் சொன்னார். டிவியை அணைக்கவில்லை. அதன் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தித்தான் பேசினார்.

"கேட்டாளா?"

சக்கரவர்த்தி தலையாட்டினான்.

"என் சம்சாரம் ராணியம்மாள். புத்துநோய். முதுகெலும்பு வரைக்கும் போயிடுச்சு. வீட்டுல வெச்சிப் பாத்துக்குங்கன்னு அனுப்பிட்டாங்க. பின்னாடி படுக்க வெச்சி நான்தான் ஓட்டிட்டு வந்தேன். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ, எவ்ளோ தூரம்ங்க, எவ்ளோ தூரம்ங்கன்னு கேப்பா. நானும் சொல்லிக்கிட்டே வந்தேன். சோமாசிபாடி தாண்டினதும் முடியல தம்பி. ஆறு மாசமா தூங்காதவன் நான். அவ மேல கோவம் இல்ல. அந்தக் குரல மட்டும் ஒரு பத்து நிமிஷம் கேக்காம இருந்தா போதும்னு இருந்துச்சு. பாட்டக் கூட்டி வெச்சேன்."

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"வாசல்ல நிறுத்திட்டுப் பாட்ட அணைச்சேன். வீடு வந்துடுச்சு ராணின்னேன். மூச்சு எப்ப நின்னுச்சோ, தெரியல. அவ கேட்டாளா, கடைசியா என்ன கேட்டான்னும் தெரியல."

டிவியில் யாரோ பல்பொடி விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"காரியம் முடிஞ்சு வண்டிய எடுத்தேன். அதே எடத்துல கேட்டா. பதில் சொன்னேன். சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டேதான் இருந்தா. எம் பதில் அவளுக்கு எட்டலையா, எட்டியும் வேணாம்னு விட்டாளா, ஒண்ணும் புரியல. மறுபடியும் பாட்டப் போட்டேன். ஆனா கை சும்மா இருக்காது தம்பி. இன்னும் கேக்கறாளான்னு பாக்கச் சொல்லும். தன்னால போய்க் கொறைக்கும். அதான் ஒட்டிட்டேன்."

சக்கரவர்த்தி எழுந்தான். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. எதிரில் இருந்த கிழவரின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு, தினமும் காலையில் பல் விளக்கும்போது அவன் கண்ணாடியில் பார்க்கிற கருப்புதான்.

"சத்தமா வெச்சிக்குங்க தம்பி" என்றார் பலராமன். "கேக்காது. அவ ஒண்ணும் செய்ய மாட்டா. கேக்காம இருந்தா போதும்."

கிழவர் சொன்னதைத் தேவியிடம் சொன்னான். வேறு வண்டி வாங்க வழியில்லை. பஸ்ஸில் தேவியால் நிற்க முடியாது. சக்கரவர்த்தி சத்தத்தை இருபத்தைந்தில் வைத்தான்.

"ஏங்க, இதுக்கா புது செட்டு போட்டீங்க?" என்றாள் தேவி.

"வேற இன்னா செய்யச் சொல்ற?"

"அவங்க ஒண்ணுதானே கேக்கறாங்க. பதில் சொல்லிட்டுப் போறது."

"எனக்குத் தெம்பில்ல தேவி."

அதற்கப்புறம் அவள் பின் சீட்டில் சாய்ந்து, நல்ல கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு வருவாள். புது ஸ்பீக்கர்கள் நன்றாகவே உழைத்தன. வண்டிக்குள் இண்டு இடுக்கு விடாமல் பாட்டு நிரம்பியது. மூச்சு கேட்கவில்லை. குரல் கேட்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாசம். தேவியின் முனகலும் கேட்கவில்லை. தண்ணி குடுங்க, ஜன்னலைச் சாத்துங்க, குமட்டுது, எதுவும் கேட்கவில்லை. அதில் தனக்கு ஒரு நிம்மதி இருப்பதைச் சக்கரவர்த்தி அறிந்தே இருந்தான். யாரிடமும் சொல்லக்கூடிய நிம்மதி இல்லை அது. வாரத்துக்கு மூன்று முறை அரை மணி நேரம் யாருக்கும் பதில் சொல்லாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். அவ்வளவுதான்.

புரட்டாசி தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை. வானம் மூட்டமாக இருந்தது. தேவி ஏறியதும் போர்வையை இழுத்துக் கை கால் எல்லாம் மூடிக்கொண்டாள். குளிருகிறது என்றாள். அவன் பாட்டைப் போட்டான்.

சோமாசிபாடி கோயில் வளைவு தாண்டியது.

பாட்டின் சத்தம் குறைந்தது.

அவன் கை வைக்கவில்லை. செட்டின் சின்னத் திரையில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. இருபத்து நாலு. இருபது. பதினாறு.

பட்டனை அழுத்தி மறுபடியும் ஏற்றினான். இருபத்தைந்து.

இறங்கியது. இப்போது வேகமாக.

மறுபடியும் ஏற்றினான். இறங்கியது. பதினொன்று. ஏழு. மூன்று.

பூஜ்யம்.

வண்டிக்குள் அந்தப் படுக்கை வாடை ஏறியது. அதோடு கலந்து இன்னொன்று. துருப்பிடித்த இரும்பின் வாடை.

மூச்சு கேட்டது. இந்த முறை பின் சீட்டிலிருந்து இல்லை. அவன் காதுக்குப் பின்னால். பிடரி மயிரில் சூடு படும் அளவுக்குப் பக்கத்தில்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தான். கேட்கப் போகிறாள். கேட்கட்டும். பதில் சொல்லக் கூடாது.

அவள் அதைக் கேட்கவில்லை.

"திரும்பிப் பாருங்க."

அவன் பார்க்கவில்லை.

"திரும்பிப் பாருங்க!"

பிரேக்கை மிதித்துத் திரும்பினான்.

தேவியின் தலை ஜன்னல்மேல் சரிந்திருந்தது. உதடு சாம்பல் நிறம். போர்வையின் ஓரத்திலிருந்து கருஞ்சிவப்பாக ஒன்று சொட்டி, தரையில் புதிதாக ஒட்டிய ஷீட்டின்மேல் குளமாகத் தேங்கியிருந்தது. போர்வையை இழுத்தான். ஊசி குத்தின இடத்தில் வைத்துக் கட்டிய பஞ்சு நழுவிப் போயிருந்தது. ரத்தம் துடித்துத் துடித்து வெளியே வந்துகொண்டிருந்தது.

"தேவி! தேவி!"

"சொன்னேங்க..." என்றாள். கண் திறக்கவில்லை. "ரெண்டு மூணு வாட்டி கூப்ட்டேன்."

விரலை வைத்து அழுத்தினான். ரத்தம் நின்றது. கையை எடுத்தால் பொங்கியது. அழுத்திக்கொண்டே இருந்தால் வண்டி ஓட்ட முடியாது. ஓட்டினால் அழுத்த முடியாது. இரண்டு பக்கமும் ரோட்டில் ஒரு ஆள் இல்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து இறுக்கிக் கட்டினான். கட்டியபோதே அது சிவந்துகொண்டு வந்தது. ஓட்டுநர் சீட்டில் ஏறினான். வண்டியை மறுபடியும் வேங்கிக்கால் பக்கம் திருப்பும்போது, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே வாய்விட்டுச் சொன்னான்.

"புடிச்சிக்குங்க. தயவு பண்ணி, புடிச்சிக்குங்க."

வழியெல்லாம் தூரத்தைச் சொல்லிக்கொண்டே ஓட்டினான். யாரும் கேட்காமலே சொன்னான். எட்டு கிலோமீட்டர். ஆறு. ரயில்வே கேட் வந்துடுச்சு. இன்னும் ரெண்டுதான். வேங்கிக்கால் வந்துட்டோம். தொண்டை வறண்டு குரல் உடையும் வரை சொன்னான்.

சென்டரில் ஸ்ட்ரெச்சர் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் ஆர்த்தி வெளியே வந்தாள். "பயப்படாதீங்க. ரத்தம் ஏத்தறோம். நிறையத்தான் போயிருக்கு. ஆனா நல்லா அழுத்திப் புடிச்சிட்டு வந்திருக்காங்க. இல்லன்னா இங்க வர வரைக்கும் தாங்கியிருக்காது."

"யாரு?"

"பின்னாடி கூட உக்காந்து வந்தவங்கதான். தையலுக்காகத் துண்டைப் பிரிச்சோம். அழுத்தின விரல் தடம் அப்படியே பதிஞ்சிருக்குது பாருங்க. எங்களுக்கே அப்படிப் புடிக்க வராது." அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "எங்க அவங்க?"

உள்ளே போய்ப் பார்த்தான். தேவி தூங்கிக்கொண்டிருந்தாள். இடது முழங்கைக்கு மேல் நான்கு நீலத் தடங்கள். மெலிந்த விரல்கள். அவன் தன் கையை அருகில் வைத்துப் பார்த்தான். அவன் விரல் அதைவிட இரண்டு மடங்கு தடிமன்.

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்து, சத்தமில்லாமல் அழுதான். அப்படியே தூங்கியும் போனான்.

பத்து நாள் கழித்து, தேவியை வீட்டில் படுக்க வைத்துவிட்டு, பலராமன் வீட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். மாலை வெயில் இன்னும் மிச்சமிருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னான். பலராமன் முதல் தடவையாக டிவியை அணைத்தார். பிறகு உள்ளே போய் ரேடியோவையும் அணைத்தார்.

"நான் கொஞ்ச நேரம் உக்காரலாமா?"

ஆம்னியின் பக்கக் கதவை இழுத்துத் திறந்து விட்டான். கிழவர் பின் சீட்டில் ஏறி, ஓரமாக, இடம் விட்டு உட்கார்ந்தார். சக்கரவர்த்தி முன்னால் உட்கார்ந்து இன்ஜினையும் அணைத்தான். ஷீட் ஒட்டிய வண்டிக்குள் ஊரின் சத்தம் எதுவும் வரவில்லை.

"ராணி" என்றார் பலராமன்.

மூச்சு கூடக் கேட்கவில்லை.

"வீடு வந்துடுச்சு ராணி. இதோ வாசல்தான். எறங்கு."

சீட்டைத் தடவிக் கொடுத்தார். அரை மணி நேரம் அப்படியே இருந்தார். மன்னிப்புக் கேட்டார். கோபப்பட்டார். பிள்ளையைப் போலக் கெஞ்சினார். வாடை இல்லை, குரல் இல்லை. வெறும் பழைய வண்டி. கடைசியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

"போயிட்டா போலருக்கு தம்பி. உங்க சம்சாரத்தக் காப்பாத்திட்டு, நிம்மதியா போயிட்டா."

"அப்படித்தாங்க இருக்கும்" என்றான் சக்கரவர்த்தி. அவனுக்கும் நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அவர் கதவை இழுத்துச் சாத்தினார். மெல்ல நடந்து வீட்டுக்குள் போனார். தாழ்ப்பாள் போடும் ஓசை கேட்டது.

சக்கரவர்த்தி சாவியில் கை வைத்தான்.

டெட்டால் வாடை வந்தது.

பின் சீட்டின் ஸ்பிரிங், யாரோ ஒருக்களித்துப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்வது போல, கிறீச்சிட்டு அமர்ந்தது. மூச்சு வந்தது. இந்த முறை எங்கும் தடுக்கவில்லை.

"தேவி தனியா இருப்பா" என்றது குரல். "போலாம்."